முழுக்கை வைக்கச் சொல்லும் பெண்கள்

பிரிவு: மதுரைப் பக்கம் › வீடு, வாசல், மனிதர்கள்

ஊசிநூல் (மே 11, இரவு 10.20)

எல்லோருக்கும் வணக்கம். செல்லூரில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இங்கே வழக்கமாகச் சமையல் இழையில்தான் எழுதுவேன். இன்றைக்கு வேறு விஷயம்.

தையல்காரிக்குத் தெரிகிற சில சங்கதிகள் டாக்டருக்குக்கூடத் தெரியாது. டேப்பைத் தோளில் வைக்கும்போதே சில பெண்கள் சுருங்குவார்கள். கைக்குழி அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால், "போன தடவை அளவே போதும்க்கா" என்பார்கள். முழங்கைக்கு மேலே நின்ற ப்ளவுஸ் கை ஒரு வருடத்தில் முழங்கைக்குக் கீழே இறங்கும். முதுகில் ஜன்னல் வைத்துத் தைத்துக்கொண்டவள் முதுகை மூடச் சொல்வாள். ஆரம்பத்தில் ஃபேஷன் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நமக்கு அவ்வளவுதான் விவரம்.

இந்த வாரம் வந்தது ஒரு கல்லூரிப் பெண். வயது 19. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நானே தைத்துக் கொடுத்த கையில்லாத நாலு டாப்ஸைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் முழுக்கை வைக்கச் சொன்னாள். இந்தக் கத்திரி வெயிலில்! அதே துணி கிடைக்காதே என்றேன். எந்தத் துணியானாலும் பரவாயில்லையாம். மேல்கையில் நாலு விரல் பதிந்த தடம், எதிர்ப்பக்கம் கட்டைவிரல். யார் என்று கேட்டேன். "அவன் கொஞ்சம் பொசசிவ்க்கா. நான்தான் சொல்லாம ஃப்ரெண்ட்ஸோட தெப்பக்குளம் போயிட்டேன்."

அதற்குள் மூன்று தடவை போன் வந்துவிட்டது. மூன்றாவது வீடியோ கால். அவள் போனைத் திருப்பி என் தையல் மெஷினைக் காட்டினாள். "பாரு, டெய்லர் கடைலதான் இருக்கேன்."

கல்யாணமான பெண் என்றால் என்ன சொல்வதென்று ஓரளவு தெரியும். இவளுக்கு என்ன சொல்ல? அவள் அம்மாவும் என் வாடிக்கைதான். அம்மாவிடம் சொல்லலாமா?

கூடல்நகரான் (மே 11, இரவு 10.41)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்குக் காலையிலேயே அம்மாவிடம் சொல்லுங்கள். படிக்கிற வயதில் காதல் எதற்கு?

மலர்விழி_திருமங்கலம் (மே 11, இரவு 11.15)

அக்கா, தயவுசெய்து அவளைக் கேட்காமல் சொல்லிவிடாதீர்கள்.

நான் பி.எஸ்.சி. இரண்டாம் வருடம் படித்தபோது எனக்கும் இதேதான். முதலில் பாஸ்வேர்டு கேட்டான், நம்பிக்கை இருந்தால் கொடு என்றான். அப்புறம் எந்தச் சுடிதார் போடுவது, யாரோடு பஸ்ஸில் உட்காருவது என்று வந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதும் ஒரு போட்டோ, இறங்கியதும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அறை விழுந்த மறுநாள் மல்லிகைப் பூவோடு வந்து அழுவான். என்மேல் இருக்கிற பாசத்தில்தான் கோபம் வருகிறதாம். அந்தப் பூவை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறுவேன்.

விலகுகிறேன் என்றால் ஒரே வார்த்தைதான்: "உங்கப்பாகிட்ட சொல்லிருவேன்." அடியைவிட அதற்குத்தான் பயந்தேன். கடைசியில் தாங்க முடியாமல் நானே அம்மாவிடம் சொன்னேன். போன் போனது, கல்லூரி போனது. நாலாவது மாதம் மாமா பையனோடு கல்யாணம். அவன் என்னவெல்லாம் நடக்கும் என்று மிரட்டினானோ அத்தனையும் என் வீடே செய்தது. அவன் மட்டும் பாஸாகி வேலைக்குப் போய்விட்டான்.

கூடல்நகரான் (மே 11, இரவு 11.22)

அதனால் பெற்றவர்களிடம் மறைக்கச் சொல்கிறீர்களா?

மலர்விழி_திருமங்கலம் (மே 11, இரவு 11.30)

மறைக்கச் சொல்லவில்லை அண்ணே. எந்த வீடு என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். சில வீட்டில் அம்மாவைவிட அத்தைதான் சரி. எங்கள் வீட்டில் யார் சரி என்று நான் யோசிக்கவேயில்லை.

மேலமாசிவீதி_மணி (மே 12, காலை 7.05)

எல்லாம் சரி. நம் ஊரில் "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா" என்று கேட்பார்கள். மீனாட்சி ஆளுகிற ஊர் இது. பாதி வீட்டில் அடி வாங்குவதே ஆம்பளைதான் 😀 பெண்களுக்கு இருக்கிற சட்டத்தில் பாதி பொய்க் கேஸுக்குத்தான் பயன்படுகிறது.

எண்ணும்_எழுத்தும் (மே 12, காலை 9.48)

மணி அண்ணே, சிரிப்பானை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 18 முதல் 49 வயதுக்குள், திருமணமான பெண்களிடம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் 29. படிப்பு, ஆஸ்பத்திரி, வேலை என்று எல்லாப் பட்டியலிலும் நாம் மேலே நிற்போம், இதிலும் மேலேதான் நிற்கிறோம். அதே கணக்கெடுப்பில் நாடு முழுக்க அடிபட்ட பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, ஒரு ஆளிடம்கூடச் சொல்லவும் இல்லை. கேஸ் போடுகிறவர்கள் கூட்டமா, வாயைத் திறக்காதவர்கள் கூட்டமா என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. அந்த 38 கணவன் கணக்கு மட்டும். காதலன் முறுக்கிய கை அதில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட கணக்கில் 15–19 வயதில், துணை என்று ஒருவன் இருந்த பெண்களில் 24 சதவீதம் பேர், அதாவது நாலில் ஒருத்தி, அவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தாக்கப்பட்டிருக்கிறாள். அதில் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர்களும் உண்டு, காதலர்களும் உண்டு.

கணக்கெடுப்பில் என்னை உலுக்கியது வேறு ஒரு கேள்வி. எந்தெந்தக் காரணத்துக்குக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று ஏழு காரணங்களை வாசித்துக் கேட்கிறார்கள். சமையல் சரியில்லை, மாமியாரை மதிக்கவில்லை, எதிர்த்துப் பேசினாள் என்று போகிறது. முதல் காரணம் என்ன தெரியுமா? "சொல்லாமல் வெளியே போனாள்." ஊசிநூல் அக்காவின் கடைக்கு வந்த பெண் சொன்ன அதே வாக்கியம்! கல்யாணம்கூட ஆகவில்லை, அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கிறது.

மேலமாசிவீதி_மணி (மே 12, காலை 10.30)

சரி, சிரிப்பானைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பொய்க் கேஸ் இல்லவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வழக்குக்கட்டு (மே 12, இரவு 8.55)

மணி சார், நான் மதுரையில் வழக்கறிஞர். பொய்க் கேஸும் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் 2014லேயே உச்ச நீதிமன்றம், மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தினால் போடுகிற பழைய 498-ஏ வழக்குகளில் புகார் வந்த உடனே கைது செய்யக் கூடாது, தேவை என்ன என்று போலீஸ் எழுதிவைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தில் 85, 86 ஆகியிருக்கிறது.

ஆனால் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பலர் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அதன் முதல் வேலை யாரையும் உள்ளே தள்ளுவது கிடையாது. அடிக்காதே என்று தடை உத்தரவு, வீட்டைவிட்டுத் துரத்தாதே என்று ஒரு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளை யாரிடம் இருப்பது என்பவைதான் அதில் கிடைக்கும். அந்த உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் மருமகள் அங்கே வாழ்ந்திருந்தால் அவளுக்கு அங்கே இருக்கிற உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டால் மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா வாங்கியே செருப்புத் தேயும், அதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. கலெக்டர் ஆபீஸில் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் நேரே போய் மனு எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது ஊசிநூல் அக்காவின் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். தாலி இல்லாமல் கணவன் மனைவி போல் வாழ்ந்தாலும் சேரும், ஆனால் வெறுமனே பழகியது சேராது என்று 2010ல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்காக அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. கையை முறுக்கியது காயம் ஏற்படுத்திய குற்றம். மிரட்டல் தனிக் குற்றம். வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே வருவது, அவள் போனையும் இணையத்தையும் கண்காணிப்பது சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வரும், முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை.

இதில் அவள் வாயிலிருந்து "வேண்டாம்" என்று தெளிவாக ஒரு வார்த்தை வந்திருந்தால் வழக்கு நிற்கும். அதை அவள் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பகமான வேறு ஒருவருக்கு அனுப்பி வைக்கட்டும். ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். விலகுகிறேன் என்று சொல்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். எப்போது சொல்கிறாள், அன்றைக்கு எங்கே இருப்பாள், கூட யார் இருப்பார்கள் என்று முடிவு செய்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வளையல்கார_வீதி (மே 12, இரவு 9.12)

இழைக்குச் சம்பந்தமில்லாமல் கேட்கிறேன். ஊசிநூல் அக்கா, லைனிங் ப்ளவுஸ் தைக்க இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?

ஊசிநூல் (மே 12, இரவு 9.20)

தனிமடல் போடுங்கள் மதினி 🙂

வைகைப்பாலம் (மே 13, நள்ளிரவு 12.50)

எனக்கு 21 வயது. இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

நான் அடித்ததில்லை. ஆனால் அவள் ஒரு நாள் போனைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அவள் வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். ஐந்து மாதம் எல்லாவற்றையும் படித்தேன். அவள் அம்மாவோடு பேசியதுகூட. ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. "யாரோ சொன்னாங்க" என்று அதில் படித்ததை வைத்தே அவளிடம் கேள்வி கேட்பேன். அவள் எந்தத் தோழி காட்டிக்கொடுக்கிறாள் என்று யோசித்து யோசித்து ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினாள். கடைசியில் அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அப்போது எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் அறையில் நாலு பேர். நாலு பேரும் லொகேஷன் பார்ப்பவர்கள்தான். பார்க்காதவனை "ஏமாளிடா நீ" என்போம். இது அடியோடு சேருமா என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

மலர்விழி_திருமங்கலம் (மே 13, காலை 6.10)

சேரும் தம்பி. எனக்கு அறை விழுந்தது மொத்தம் நாலோ ஐந்தோ தடவைதான். மிச்ச ஒன்றரை வருடம் நீங்கள் சொல்கிறதுதான் நடந்தது. அவளிடம் லேப்டாப் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா?

வைகைப்பாலம் (மே 13, காலை 6.32)

இல்லை.

வழக்குக்கட்டு (மே 13, காலை 9.05)

இன்றைக்கே துண்டித்துவிடுங்கள், அவளிடமும் சொல்லுங்கள். அவள் என்ன முடிவு எடுத்தாலும் அது அவள் முடிவு. எதிர்பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

மற்றவர்களுக்கு: வாட்ஸ்அப் அமைப்புகளில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று ஒன்று இருக்கும். உங்களுக்குத் தெரியாத கணினி அதில் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். ஆனால் வெளியேற்றியது அந்தப் பக்கம் தெரிந்துவிடும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் (மே 13, காலை 9.40)

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அந்தப் பெண் எந்தக் கல்லூரி, எந்தத் தெரு என்று யாரும் ஊகிக்க வேண்டாம். அடுத்த தடவை கணக்கே முடக்கப்படும்.

கடல்தாண்டிய_கள்ளழகர் (மே 13, காலை 10.15)

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் மேலூர் பக்கம். இங்கே பிப்ரவரி முழுக்கப் பதின்வயதுக் காதல் வன்முறை விழிப்புணர்வு மாதம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் காதலிப்பவர்களை எடுத்தால் சுமார் 12 பேரில் ஒருவர் உடல்ரீதியாக அடிபட்டிருக்கிறார் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. என் மகள் உடல்நல வகுப்பிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். உன் போனைப் பார்க்கிறானா, நண்பர்களிடமிருந்து பிரிக்கிறானா, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுகிறானா என்று கேள்விகள். படித்துவிட்டு, "அம்மா, நீதான் என் போனைப் பார்க்கிறாய்" என்றாள். வாயடைத்துப் போனேன்.

நம் ஆட்கள் சேர்கிற இடத்தில் இதைப் பேசினால், "அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு" என்று இட்லியைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள்.

கரும்பலகை (மே 13, மாலை 5.30)

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 19 வயதுப் பெண்ணுக்காவது வழக்குக்கட்டு சொன்ன வழி இருக்கிறது. 16, 17க்கு வருவோம்.

போக்சோ சட்டம் 2012ல் வந்ததிலிருந்து 18க்குக் கீழே எல்லோரும் குழந்தை. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால் ஆசிரியர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் எனக்கே தண்டனை. அது நல்லதற்குத்தான், எத்தனையோ மிருகங்கள் அதனால் மாட்டியிருக்கின்றன. ஆனால் பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், ஒன்னு சொன்னா போலீஸுக்குப் போயிருமா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிறாள். போகாது என்று பொய் சொல்ல முடியாது. போகும் என்றால் அடுத்த வார்த்தை வராது. கன்னத்தில் அறைந்தான் என்று மட்டும் சொல்ல நினைத்தாளோ, அதற்கு மேலும் இருந்ததோ, தெரியாமலே போகிறது. இரண்டு பேரும் விரும்பிப் பழகியது, ஒருவன் மிரட்டி நடத்தியது இரண்டையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமே 2019லும் 2021லும் இந்தச் சிக்கலைத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 2023ல் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம் என்றுவிட்டது. எனக்கும் குறைக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து போன பிறகு கொஞ்ச நேரம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகப் பிடிக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். யாரும் கேட்காமலே வகுப்பில் குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பலகையில் எழுதிப் போடுகிறேன். அறைவது, போனைப் பிடுங்குவது, நண்பர்களை விடச் சொல்வது பற்றிப் பாடத்துக்கு நடுவே பேசுகிறேன். பையன்களும் இருக்கும்போதே.

கூடல்நகரான் (மே 13, இரவு 8.20)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கும் கல்லூரி போகிற மகள் உண்டு. நேற்று ராத்திரி அவளிடம், "யாராவது தொந்தரவு பண்ணா என்கிட்ட சொல்லுவியா?" என்று சும்மா கேட்டேன். "சொன்னா காலேஜுக்கு அனுப்புவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அனுப்புவேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

பாண்டிகோயில்_பொங்கல் (மே 13, இரவு 10.05)

என் அக்காள் கதை. மாப்பிள்ளை அடித்து மண்டை உடைந்து ஒரு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். பெண் போலீஸ்தானே, புரியும் என்று நினைத்தோம். மாலை வரை உட்கார வைத்து, இரண்டு பேரிடமும் "இனி சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் மாப்பிள்ளையோடுதான் திரும்பி வந்தாள். வழியில் அவன் ஒன்றுமே பேசவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றாள்.

வழக்குக்கட்டு (மே 13, இரவு 10.40)

1992ல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம் வந்தது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் சமாதானம் பேசுவதே வேலை என்று சில இடங்களில் ஆகிவிட்டது. மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அடிபட்டிருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. "விழுந்துட்டேன்" என்று சொல்லாமல் யார், எதனால் அடித்தார் என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், பிறகு கோர்ட்டில் என்னால் எதைக் காட்ட முடியும்? பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் அடிக்கலாம், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றில்லை. உடனடி ஆபத்து என்றால் 112.

ஊசிநூல் (மே 15, இரவு 9.30)

அவள் இன்று வந்தாள். ஒரு டாப்ஸ் மட்டும் முடித்திருந்தேன். மிச்சத்தை வேண்டுமென்றே முடிக்கவில்லை.

முதலில் வீடியோ கால் வந்தது, மெஷினைக் காட்டினாள். அப்புறம், "அளவு எடுக்கணும், போனை வச்சிட்டு வா" என்று சத்தமாகச் சொல்லித் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். அளவெடுக்கிற இடத்தில் போன் கேட்க அவனுக்கும் வழியில்லை பாருங்கள். நான் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. மலர்விழி கேட்டதைத்தான் கேட்டேன்: உங்கள் வீட்டில் யாரிடம் சொன்னால் படிப்பு நிற்காது? ரொம்ப நேரம் யோசித்தாள். அம்மா இல்லை, அப்பா கண்டிப்பாக இல்லை. பெரியம்மா ஒருவர் ஒத்தக்கடையில் இருக்கிறாராம், கணவனை விட்டு வந்து தனியாக வாழ்கிறவர். வீட்டில் அவர் பேச்சை எடுப்பதே இல்லையாம்.

அவள் போனில் யாருக்கு அடித்தாலும் அவன் பார்த்துவிடுவான். என் போனிலிருந்து பெரியம்மாவுக்கு அடித்தாள். பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. நான் வெளியே வந்து பீக்கோ அடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

பெரியம்மா வியாழக்கிழமை ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிற மாதிரி கடைக்கு வருகிறார். வழக்குக்கட்டு, உங்களால் முடியுமா?

வழக்குக்கட்டு (மே 15, இரவு 9.44)

வருகிறேன் அக்கா. கடை, நேரம் எல்லாம் தனிமடலில் அனுப்புங்கள், பொதுவில் இதற்கு மேல் வேண்டாம். நெறியாளரே, அக்காவின் கடைசிப் பதிவில் ஊர்ப் பெயரையும் கிழமையையும் எடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு எடுத்த ப்ளவுஸ் துணி ஒன்று தைக்காமலே கிடக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன், வெறுங்கையோடு வந்தால் நன்றாக இருக்காது.